தலையெழுத்தும் கையெழுத்தும்

அக்கா மகன் வலது கையில் ஒரு டிராகனைப் பச்சை குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அக்கா, "எல்லாம் என் தலையெழுத்து" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். தொண்ணூறைத் தொடப்போகும் அப்பத்தா மட்டும் கண்ணாடியை மாட்டி, அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பல்லி வலது கையில விழுந்திருக்கு. அந்தப் பஞ்சாங்கத்த எடு, பலன் பாப்போம்."

பஞ்சாங்கம் பரணில் இருக்கிறது. கிடைக்க நேரமாகும். அதற்குள் அக்கா அடித்துக்கொண்ட அந்த நெற்றியின் சரித்திரத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

தலையெழுத்து எழுதுவது பிரம்மாவின் தனி உரிமை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பழைய கிரேக்கர்கள் அந்த வேலையில் எப்போதோ கைவைத்துவிட்டார்கள். ஓடிப்போன அடிமை பிடிபட்டால் நெற்றியில் பச்சை குத்திவிடுவார்கள். அந்தக் குத்துக்கு அவர்கள் சொன்ன பெயர் 'ஸ்டிக்மா'. குத்து மறைந்துவிட்டது, அவமானத்துக்கு மறுபெயராக அந்தச் சொல் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் உலவுகிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை இன்னும் ஒரு படி மேல். மிலேட்டஸ் நகரத்தை ஆண்ட ஹிஸ்டியாயஸை, பாரசீகப் பேரரசர் டாரியஸ் "நீ என் நண்பன், கூடவே இரு" என்று சூசா அரண்மனையில் உட்கார வைத்துவிட்டார். விருந்துக்குக் குறைவில்லை, ஊருக்குப் போகத்தான் அனுமதியில்லை. ஊரில் கலகம் வந்தால் அடக்க நம்மைத்தானே அனுப்புவார்கள் என்று ஹிஸ்டியாயஸ் கணக்குப் போட்டார். வழியெல்லாம் காவல். நம்பிக்கையான அடிமை ஒருவனுக்கு மொட்டையடித்து, மண்டையில் செய்தியைக் குத்தி, முடி வளரும்வரை காத்திருந்து மருமகனிடம் அனுப்பினார். அங்கே மறுபடி மொட்டை. தன் தலையெழுத்தைத் தானே படிக்க முடியாது என்பது அந்த அடிமைக்குப் பழமொழி அல்ல, அனுபவம். கி.மு. 499இல் கலகம் வெடித்தது. சில ஆண்டுகள் கழித்து பாரசீகர்கள் ஹிஸ்டியாயஸைப் பிடித்து, தலையை வெட்டிப் பதப்படுத்தி, டாரியஸுக்கு அனுப்பிவைத்தார்கள். தலை வழியாகத் தபால் அனுப்பியவர், தானே தபாலானார்.

அடுத்து வருவது கவிதை. பைசாந்தியப் பேரரசர் தியோஃபிலோஸ், ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர். புனிதர் படங்களை வணங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. தியோடோர், தியோஃபானஸ் என்ற இரு துறவிச் சகோதரர்கள் மறுத்தார்கள். பேரரசர் பன்னிரண்டு வரிகளில் வசைக்கவி ஒன்றை ஏற்பாடு செய்து, இருவர் முகத்திலும் குத்தச் சொன்னார். கவிதை அத்தனை மோசம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று அவர் சொல்ல, "இவர்களுக்கு இது போதும்" என்று பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதினாராம். இதில் கொடுமை என்னவென்றால், தியோஃபானஸ் நிஜமாகவே கவிஞர். தேவாலயப் பாடல்கள் எழுதியவர். தளை தட்டும் கவிதையை ஒரு கவிஞன் மூஞ்சியிலேயே பிரசுரிப்பதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்? தியோடோர் சிறையிலேயே இறந்தார். 842இல் பேரரசர் போய்ச் சேர்ந்ததும் படங்கள் திரும்பி வந்தன. தியோஃபானஸ் அதே முகத்தோடு நைசியாவின் ஆயரானார். 'எழுதப்பட்டவர்கள்' என்ற பட்டத்தோடு இன்றும் அந்தச் சகோதரர்கள் புனிதர்கள். கவிதைக்கு மட்டும் எந்தப் பரிசும் இல்லை.

நம் ஊரில் பிரம்மாவின் ஒப்பந்தத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்தது. வங்காளத்தில் 1797இல் தொடங்கி, சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1849இல் ஒழிந்த வழக்கம் அது. ஆயுள் கைதியின் நெற்றியில் பெயர், குற்றம், தண்டனைத் தேதி எல்லாவற்றையும் குத்துவார்கள். பிரம்மாகூடத் தேதி போட்டதில்லை. கைதிகள் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குத் தண்ணீர் காட்டினார்கள்.

இதெல்லாம் தலையெழுத்து. அதே மை கைக்கு இறங்கியதும் யோகம் திரும்பிவிட்டது. 1862இல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட், ஜெருசலேமில் கையில் சிலுவை குத்திக்கொண்டார். மகன் ஜார்ஜ் 1881இல் ஜப்பான் போய் டிராகன் குத்திக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் பார்த்தால் நம்மைக் காட்டுமிராண்டி என்பானே என்று ஜப்பானிய அரசு 1872இலேயே பச்சை குத்துவதைத் தடை செய்திருந்தது. வெள்ளைக்கார இளவரசரோ அதற்காகவே சட்டையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். 1891இல் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸும் வந்தார். நாகசாகியில் கையில் டிராகன் வாங்கினார். சில நாள் கழித்து ஓட்சுவில், காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடமே தலையில் வாள்வெட்டு வாங்கினார். கையெழுத்தோடு நிற்காமல் தலையெழுத்தும் சேர்ந்துகொண்டது.

ஆக, அடிமைக்கும் கைதிக்கும் குத்தினார்கள், இளவரசர்கள் குத்திக்கொண்டார்கள். அவமானத்துக்கும் அந்தஸ்துக்கும் நடுவே இருந்தது ஒரு 'கொள்'தான். தமிழ் வாத்தியார் அதைத் துணைவினை என்று சொல்லி ஐந்து மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கண்டுபிடிப்பை வீட்டில் அரங்கேற்றினேன். அப்பத்தா தன் முன்கையை நீட்டினாள். தோல் சுருங்கி, பாதி அழிந்த புள்ளிக்கோலம். "எனக்கு ஏழு வயசு. ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சிக்கிட்டாக. குறத்தி பாட்டுப் பாடிக்கிட்டே குத்துனா. கத்துன கத்துல ஊரே கூடிருச்சு. கூலி ஒரு படி அரிசி."

"அப்ப அது குத்துனது அப்பத்தா. குத்திக்கிட்டது இல்ல."

"போடா. செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான். நகை நட்டெல்லாம் ஒங்கம்மா கழட்டிக்குவா."

என் இலக்கணம் அங்கேயே படுத்துவிட்டது.

அக்கா இதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகும்போது முழுக்கைச் சட்டை என்று தீர்மானித்திருந்தாள். கம்பெனிக் கைதியின் தலைப்பாகை உத்திதான். சொன்னால் அடிப்பாள்.

பரணிலிருந்து பஞ்சாங்கம் இறங்கியது. அப்பத்தா விரலை ஓட்டிப் பலனைத் தேடிப் படித்து, தலையை ஆட்டினாள். பிறகு அவன் கையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"பலன் இருக்கட்டும். விழுந்த பல்லி ஓடிப்போயிரணும்டா. இது எப்ப எறங்கும்?"