முதுகைக் காட்டி ஜெயிக்கும் பிள்ளைகள்

கேள்வி: 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இருக்கும் அடையாற்றில்தான் என் மகளும் துடுப்புப் போடப் பழகுகிறாள். எனக்கு நீச்சலே தெரியாது. நான் என்ன உதவி செய்ய முடியும்?
- ஒரு தாய், சென்னை

பதில்: முதுகைக் காட்டிக்கொண்டே ஜெயிக்கிற விளையாட்டு இது! துடுப்புப் போடுபவர்களுக்கு வெற்றிக்கோடு தெரியாது. முன்னால் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

நீச்சல் தெரியாவிட்டால் என்ன, தோள் இருக்கிறதே! எட்டுப் பேர் படகு ஏறத்தாழ 17 மீட்டர் நீளம். போட்டி விதிப்படி குறைந்தது 96 கிலோ. அதைத் தூக்கி இறக்க, பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க ஆள் வேண்டும். காற்று எழுமுன் ஆறு அசையாமல் கிடக்கும் என்பதால் விடியலில்தான் பயிற்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் உங்கள் காரிலேயே கூட்டிவாருங்கள். திரும்பும்போது பசி வயிற்றைக் கிள்ளும். இட்லிப் பாத்திரம் கரையில் காத்திருக்கட்டும். நீச்சல் தெரிந்த அப்பாக்கள் பாதுகாப்புப் படகில் ஏறலாம். கணக்கு வழக்கு தெரிந்தவர்களுக்கோ கிளப்பில் வேலை தீராது.

கரையிலிருந்து கைதட்டுங்கள், கட்டளை மட்டும் வேண்டாம். படகுக்குள் சுக்கான் பிடிப்பவர் குரல் ஒன்றே கேட்க வேண்டும்.

மகள் நன்றாக நீந்தக் கற்றுவிட்டாளா? அதை முதலில் பாருங்கள். நீங்களும் கூடவே நீச்சல் கற்கச் சேர்ந்துவிடுங்கள், அம்மா!