தோசைக்கல் மேல் ஆன்டெனா

முதலில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் மற்றவர்கள் கோயிலுக்கோ காஸ்ட்கோவுக்கோ போகிற சனிக்கிழமையாக இருந்தால் உத்தமம். "சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லி அனுப்புங்கள். எனக்கு ஐந்து சனிக்கிழமை ஆனது. அதைச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

என்னதான் செய்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்பார்கள். அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும். "டிரங்கிங் ரேடியோ கேக்குறேன்பா" என்று நான் அப்பாவிடம் சொன்னபோது, "டிரங்க் காலா? அமெரிக்காவுல இன்னுமா அது இருக்கு?" என்றார். தபாலாபீஸ் பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்து லைன் கிடைக்கக் காத்திருந்த தலைமுறை. அவர் கேட்டது தப்பில்லை. இருக்கிற கொஞ்சம் கம்பியை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, யாருக்கு எப்போது தேவையோ அப்போது கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் டிரங்க். கம்பி இருந்த இடத்தில் இப்போது அலைவரிசை.

பழைய போலீஸ் ரேடியோவில் ஆளுக்கொரு அலைவரிசை. அதில் முள்ளை வைத்தால் முழுக் கதையும் கேட்கும். டிரங்கிங்கில் சில அலைவரிசைகளை போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பனி வாரும் லாரி என்று எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் பட்டனை அழுத்தியதும் கட்டுப்பாட்டுச் சேனல் என்று ஒன்று, "இந்தக் குழு நாலாவதுக்குப் போகவும்" என்று எண்களாக அறிவிக்கும். அதற்கு வரும் பதில் ஏழாவதில் நடக்கலாம். விழுப்புரம் ஜங்ஷனில் கடைசி நிமிடத்தில் பிளாட்பாரம் மாறியதாகச் சொல்வார்களே, அது மாதிரி. அறிவிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு டிரங்குப் பெட்டியோடு படியேறி ஓடுகிறவர்தான், இதைக் கேட்பதற்காகக் கம்ப்யூட்டரில் போடும் மென்பொருள்.

நான் இருப்பது ஒஹையோவில். இங்கே மாநிலம் முழுவதற்குமான அமைப்பின் பெயர் மார்க்ஸ். பல துறைகளுக்குப் பொதுவான ரேடியோ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மார்க்ஸ் கேட்டேன்பா" என்று போனில் சொன்னேன். மில் சங்கத்தில் முப்பது வருஷம் கொடி பிடித்தவர். குரல் தழுதழுத்துவிட்டது. இன்னும் திருத்தவில்லை.

வாங்க வேண்டியது ஒரு யு.எஸ்.பி. குச்சி. முப்பது நாற்பது டாலர். ஐரோப்பிய முறையில் டிவி பார்ப்பதற்காகச் செய்த பொருள். அமெரிக்காவின் டிவி முறை வேறு என்பதால் இங்கே அதில் டிவி மட்டும் பார்க்க முடியாது. மற்ற எல்லாம் முடியும். உள்ளே இருக்கும் ரியல்டெக் சிப், சிக்னலைச் சமைக்காமல் பச்சையாகவே கம்ப்யூட்டருக்குத் தள்ளும் என்பது 2012-ல் வெளியே தெரிந்தது. கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஃபின்லாந்துக்காரரான ஆன்ட்டி பாலோசாரி. சமையலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அன்று தொடங்கியது உலகெங்கும் பல மனைவிமாரின் கஷ்டகாலம்.

குச்சியைச் செருகியதும் விண்டோஸ் அதை டிவி என்றே நம்பி, டிவிக்கான டிரைவரைப் போட்டுவிடும். அதை மாற்ற ஸாடிக் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. பட்டியலில் 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் ஜீரோ' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் நான் மவுஸைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நொடியிலிருந்து அது மவுஸ் இல்லை, வெறும் பிளாஸ்டிக் எலி. கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு டிவைஸ் மேனேஜர் வரை போய் வருவது எப்படி என்று அன்றுதான் கற்றேன். முதல் சனிக்கிழமை அதோடு சரி.

மென்பொருளில் எஸ்.டி.ஆர்.டிரங்க் என்பது இலவசம், ஜாவாவில் எழுதியது, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். அதையே பரிந்துரைக்கிறேன். லினக்ஸ் பிரியர்களுக்கு ஓ.பி.25 உண்டு, அதைப் போட்டவர்கள் எப்படிப் போட்டார்கள் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள், என்ன கேட்டார்கள் என்று சொன்னதில்லை. எஸ்.டி.ஆர்.டிரங்கைத் திறந்ததும் திரையில் எண்கள் அருவியாகக் கொட்டும். சத்தம் மட்டும் வராது. பயப்படாதீர்கள். குரலைச் சுருக்கும் முறையில் காப்புரிமைச் சிக்கல் இருப்பதால், அதை விரிக்கிற துணை நிரலைத் தயாராகச் சேர்த்துத் தருவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். துருவின தேங்காய் தர மாட்டோம், காயும் துருவியும் இந்தா என்கிற கதை.

இப்போது ஆன்டெனா. நான் கேட்கும் 850 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கூட வரும் ஆன்டெனாவை அந்த நீளத்துக்குச் சுருக்குங்கள். காந்த அடிப்பாகம் கொண்ட ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தகடு இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். வீட்டில் இருந்ததையெல்லாம் சோதித்தேன். இட்லிப் பானை அலுமினியம், ஒட்டவில்லை. எவர்சில்வர் தாம்பாளம் வழுக்கியது. தோசைக்கல் 'டக்'கென்று பிடித்துக்கொண்டது.

"என்னங்க, தோசைக்கல்லக் காணோம்."

"மாடியில இருக்கும்மா."

"மாடியில என்ன பண்ணுது?"

"ரிசீவ் பண்ணுது."

இந்த உரையாடலை நீங்களும் நடத்த வேண்டியிருக்கும். கடைசி வரி மட்டும் வேறாக இருப்பது நல்லது.

அடுத்து பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிசகு என்கிற கணக்கு. மலிவான குச்சிக்குள் இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகலாம். பத்து லட்சத்தில் ஐம்பது என்றால் கோயில் உண்டியலில்கூட யாரும் தேட மாட்டார்கள். ஆனால் 850 மெகாஹெர்ட்ஸில் அது 42.5 கிலோஹெர்ட்ஸ். ஒரு சேனலின் அகலமே 12.5 தான். அதாவது மூன்று வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டு, யாரும் திறக்கவில்லையே என்று வருந்துகிறீர்கள். குச்சி சூடாகச் சூடாகப் பிசகும் நகரும். இருபது நிமிடம் ஓடவிட்டுப் பிறகு திருத்துங்கள். வெப்பத்தை ஈடுகட்டும் படிகம் வைத்த குச்சி வாங்கினால் இந்தப் பத்தியே தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு குச்சியால் ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் பார்க்க முடியும். அறிவிப்பு ஒரு முனையில், பேச்சு மறு முனையில் என்றால் எட்டாது. ஆகவே இரண்டாவது குச்சி. அதற்கும் தொழிற்சாலையில் போட்ட வரிசை எண் 00000001 ஆகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வகுப்பில் இரண்டு செந்தில்குமார், இருவருக்கும் ஒரே இனிஷியல். சில மென்பொருள்கள் குழம்பும். ஒருவருக்குப் பெயர் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குரல் உடைந்து உடைந்து வந்தால், அது சைமல்காஸ்ட். பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் அனுப்புகின்றன. நாலு கோயில் ஒலிபெருக்கியில் ஒரே பாட்டு ஓடும்போது நடுத்தெருவில் நின்று கேட்டவர்களுக்குப் புரியும். சத்தம் நிறைய, சொல் இல்லை. இங்கேதான் நம் அனுபவம் எல்லாம் தலைகீழாகும். ஆன்டெனாவை உயர்த்தினால் இன்னும் அதிகக் கோபுரங்கள் வந்து சேரும், நிலைமை மோசமாகும். தாழ்த்த வேண்டும், மறைக்க வேண்டும், ஒரே ஒரு கோபுரம் தவிர மற்றவை தெரியாத மூலையாகப் பார்த்து வைக்க வேண்டும். மூன்று சனிக்கிழமை வீடு முழுக்கத் தோசைக்கல்லோடு அலைந்தேன். கடைசியில் அது உட்கார்ந்த இடம் அடித்தளத்தில், வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால். சமையலறை அலமாரியிலேயே வைத்திருக்கலாமே என்ற கேள்விக்கு என்னிடம் தொழில்நுட்ப ரீதியான பதில் இல்லை.

சட்டம்: அமெரிக்காவில் மறையாக்கம் செய்யாத போலீஸ், தீயணைப்புப் பேச்சைக் கேட்பது பொதுவாகக் குற்றமில்லை. செல்போன் பேச்சைக் கேட்பது குற்றம். கேட்டதைக் குற்றத்துக்குப் பயன்படுத்துவதும் குற்றம். சில மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைக்கவே கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் சட்டம் வேறு, இந்தக் கட்டுரை அங்கே செல்லாது.

அதோடு சுவாரசியமான பேச்சு பலவற்றையும் பூட்டிவிட்டார்கள். சிகாகோ போலீஸ் மறையாக்கத்துக்குப் போய்விட்டது, நியூயார்க்கும் 2023-லிருந்து போய்க்கொண்டிருக்கிறது. திரையில் அவர்கள் பேசுவது தெரியும், பூட்டுப் படமும் தெரியும், அவ்வளவுதான். மிச்சம் என்ன கேட்கும்? குரல் நொடிக்கு 4,400 பிட்டாகச் சுருங்கி வருவதால் எல்லோரும் சொம்புக்குள் வாயை வைத்துப் பேசுவது போலவே இருக்கும். ஐந்தாவது சனிக்கிழமை இரவு 11.40-க்கு எனக்கு முதல் முழு வாக்கியம் கிடைத்தது. நெடுஞ்சாலையில் பனி வாரும் லாரி ஓட்டுநர், உப்பு தீர்ந்துவிட்டது, ஷெட்டுக்குத் திரும்புகிறேன் என்றார். சரி என்றார்கள். எழுந்து நின்று கை தட்டினேன். எங்கள் தெருவுக்கே தீயணைப்பு வண்டி வந்த இரவில் கம்ப்யூட்டர் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் விஷயம் தெரியும்.

ஆன்டெனா வாங்கும்போது காந்தத்தின் அடியில் ரப்பர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லை, கல்லில் வட்டமாகக் கீறல் விழுந்துவிட்டது. நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து நாலு நாளாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த வட்டத்தில் மட்டும் தோசை இன்னும் ஒட்டுகிறது.