கோட்டூர்புரத்துப் பாரிவள்ளல்

பறம்புமலைப் பாரியைப் பற்றி இனி யாரும் அதிகம் பேசாமலிருப்பது அவர் மரியாதைக்கு நல்லது. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரைக் கொடுத்தார், வாஸ்தவம்தான். ஆனால் அந்த முல்லை தேரின் மேல் பேசாமல் படர்ந்து கிடந்ததே ஒழிய, அதைக் கிளப்பிக்கொண்டு கடைவீதிக்குள் பாயவில்லை. ஊரில் ஒருவருக்கும் உயிர்ப்பயம் தராத கொடையில் வீரம் எங்கே இருக்கிறது? எங்கள் கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எழுந்தருளியிருக்கும் பெருந்தகையோ, மீசை அரும்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம் 17 வயதுக் குலக்கொழுந்துக்கு முழுதாக ஒரு காரையே ஈந்துவிட்டார். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். தவிர, அவர் ஒருவரல்லர். தெருவுக்கு ஒருவராய்த் தழைத்து, பேட்டையையே வள்ளல்கள் வாழும் பதியாக்கியிருக்கிறார்கள்.

பிள்ளையின் முதல் கார் நம்பகமானதாக இருக்க வேண்டும் என்பதில் அப்பெருமான் காட்டிய சிரத்தையை ஆயிரம் நாவு படைத்த ஆதிசேஷனும் பாடி முடிக்க முடியாது. நிறத்துக்கு ஜோசியரைக் கலந்தார். நம்பரின் கூட்டுத்தொகைக்கு இன்னொரு ஜோசியரைக் கலந்தார். மைலேஜுக்கு மைத்துனரை, மறுவிற்பனை விலைக்கு மாமனாரை. ஷோரூமில் அவர் தொடுத்த வினாக்களைக் கேட்டு விற்பனைக்காரத் தம்பி மெய்ம்மறந்து நின்றான். சன்ரூஃப் எவ்வளவு திறக்கும், திரை எத்தனை அங்குலம், ஸ்பீக்கர் எத்தனை, அலாய் வீல் உண்டா என்று ஒன்றுவிடாமல் விசாரித்த அந்த ஞானவான், பிரேக் என்ற அற்ப வஸ்துவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு அந்தச் சபையின் தரத்தைக் குறைக்கவில்லை. “வண்டிய யார் சார் ஓட்டப்போறது?” என்று அந்தத் தம்பி வாய் தவறிக் கேட்டபோதும் முகம் சுளிக்காமல், “நம்ம பையன்தான். மூணு வயசுலேயே என் மடியில உக்காந்து ஸ்டியரிங் புடிச்சவன்” என்று அருளினார். பதினான்கு வருஷ அனுபவம்! ஆர்டிஓ அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு உண்டு?

ஆனால் அவருடைய மேதைமையின் சிகரத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும். எல்லா லட்சணமும் பொருந்திய புது வண்டி வீட்டு வாசலுக்கு வந்து நின்றதும், அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பையனையும் ஒரு முறை பார்த்தார். ‘கற்றுக்குட்டி கையில் கொடுத்தால் கீறல் விழுமே’ என்ற ஞானம் அந்தக் கணத்தில் பிறந்தது. புதியதைத் தமக்கு வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்த பழைய காரை ‘பழகுற வண்டி’ என்று திருநாமம் சூட்டிப் பிள்ளைக்கு வழங்கினார். ஆறு ஏர்பேக் உள்ள வண்டி முப்பது வருஷமாக ஓட்டும் தந்தைக்கு. ஒன்றுகூட இல்லாத வண்டி நேற்று கிளட்ச் மிதித்த மகனுக்கு. இந்தப் பங்கீட்டில் உள்ள நுட்பம் எல்லோருக்கும் பிடிபடாது. பெயிண்டில் விழுந்த கீறலுக்குப் பணம் செலவாகும். பையன் மேல் விழுந்தால் தோல் தானாக வளர்ந்துவிடும் அல்லவா?

அந்தப் பழைய ரதத்தின் வம்சப் பெருமையும் சாமானியமானதல்ல. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்ற கெடுபிடி 2019 ஜூலையில்தான் வந்தது. அது அதற்கெல்லாம் முற்பட்ட பொற்காலத்தில் பிறந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் நாட்டுச் சிறிய கார்கள் ஐந்தை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்து, பெரியவர்களைக் காக்கும் திறனுக்கு ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம் வழங்கிக் கௌரவித்ததே, அந்தத் தலைமுறைச் செல்வம். போதாததற்கு, 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி எங்கள் பேட்டைக்குள் விஜயம் செய்தபோது, போர்ட்டிகோவில் நின்றபடியே கழுத்தளவு நீரில் தீர்த்தமாடிய புண்ணியமும் அதற்கு உண்டு. ஒயரிங்கில் இன்னும் வண்டல் இருக்கிறது. மழை நாளில் யாரும் தொடாமலே ஹாரன் முழங்கும். அடிக்க வேண்டிய நேரத்தில் மௌன விரதம் பூணும். இப்படிப்பட்ட ஞானியை விட நம்பகமான துணை ஒரு சிறுவனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

பூஜை அன்று பிள்ளையார் கோவில் வாசலில் அடியேனும் இருந்தேன். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். சிரஞ்சீவி வண்டியை முன்னே எடுத்தான், நான்கும் நசுங்கின. கூடியிருந்தோர் கைதட்ட, தந்தையார் கண் கலங்க, தேர்வு அத்துடன் முடிந்தது. இதற்கு மேல் எல்.எல்.ஆர். எடுத்து, மாதக்கணக்கில் எல் போர்டு மாட்டி, இன்ஸ்பெக்டர் முன் எட்டு போட்டுக் காட்டு என்பதெல்லாம் எலுமிச்சம்பழம் வாங்க வக்கில்லாதவர்களுக்கு.

சட்டம் என்ற ஒன்று இருக்கிறது என்பார்கள் சிலர். 16 வயதில் 50 சிசிக்கு மிகாத கியரில்லாத வண்டி, 18 நிறைந்தால் கார் என்று அது அளந்து அளந்து பிச்சை போடுகிறது. 2019-இல் திருத்தி, 199-ஏ என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள்: வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், வண்டி கொடுத்த பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது. இதையெல்லாம் அறியாதவரல்லர் எம் பெருமான். அறிந்தே கொடுத்தார். நாட்டுக்காகச் சிறை சென்ற மகான்களை இந்த மாநகரம் முன்பு கண்டிருக்கிறது; டியூஷனுக்குப் பையன் நடந்து போகக் கூடாது என்பதற்காகச் சிறைக்குத் துணிந்த தியாகியை இப்போதுதான் காண்கிறது. டியூஷன், சொல்ல மறந்தேனே, இரண்டு தெரு தள்ளி. 2004 முதல் கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயிலும் நிற்கிறது. அதில் ஏறினால் கண்டவர்கள் பக்கத்தில் நிற்க நேரும்.

குரு ஸ்தானத்தையும் தந்தையார் பிறருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. சீட் பெல்ட் போடாவிட்டால் புதுக் கார் கீச்கீச்சென்று நச்சரிக்கும் அல்லவா? அதன் வாயை அடைக்க ஒரு இரும்புக் கிளிப் வாங்கிச் செருகி, பெல்ட்டை இருக்கைக்குப் பின்னால் துயில வைத்திருக்கிறார். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய அங்காடிகளிலிருந்து இந்தக் கிளிப்புகளை நீக்கச் சொல்லி, 13,118 விற்பனை அறிவிப்புகளைக் களைந்தெறிந்தது. எம் தீர்க்கதரிசி அதற்கு முன்பே அரை டஜன் வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். சிவப்பு விளக்கில் இடப்பக்கம் ஒடித்து பெட்ரோல் பங்க் வழியாகப் புகுந்து வெளிவரும் வித்தை, ஒரு கையில் போன் பேசியபடி யூ டர்ன் அடிக்கும் வித்தை, ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும் வித்தை, அனைத்தும் பின்சீட்டிலிருந்து பார்த்தே பையனுக்கு சித்தித்துவிட்டன. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதென்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வெயில் தெரியாதவர்கள் சொன்ன பேச்சு. பெரியப்பாவின் தொழிலைப் பறைசாற்றும் ஸ்டிக்கர் முன் கண்ணாடியில் கம்பீரமாக இருக்கிறது. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் அத்தகைய ஸ்டிக்கர்களை அகற்றச் சொன்னபோது, ஒரு நாள் உரித்து மறுநாள் புதிதாக, பெரிதாக ஒட்டிச் சட்டத்துக்கும் மரியாதை செய்தார்.

இந்தக் கொடையால் ஊர் அடைந்த நன்மைகளைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவனாவேன். விடியற்காலையில் பால் பாக்கெட் போடும் பெரியவருக்கு அறுபத்தைந்து வயது. மூட்டு வலியென்று புலம்புவார். இப்போது காம்பவுண்டுச் சுவரைத் தாவி ஏறுகிறார். கூடைக்காரக் கீரையம்மா ஹாரன் சத்தம் வைத்தே வண்டி எந்த முனையில் திரும்புகிறது என்று சொல்லும் ஞானதிருஷ்டி பெற்றுவிட்டார். ஹாரன் மௌன விரதம் இருக்கும் நாட்களில்தான் சற்றுச் சிரமம். ஞாயிறு அதிகாலையில் சிரஞ்சீவி நண்பர் குழாத்துடன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் திக்விஜயம் செய்கிறான். அன்று எங்களுக்கு ஓய்வு, கானாத்தூர்க்காரர்களுக்குப் பயிற்சி. மாநிலத்தின் கீர்த்திக்கும் இது உரம். 2022-இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான்: 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். கல்வி, தொழில் என்று எதிலெதிலோ முதலிடத்துக்கு மல்லுக்கட்டுகிறோமே, சிரமப்படாமல் கிடைத்த முதலிடம் இது. கதீட்ரல் சாலையில் 2016 செப்டம்பரில் ஓர் இளைஞர் ஓட்டிய போர்ஷே, ஓரத்தில் நின்ற ஆட்டோக்களில் மோதி ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறந்த பிறகும் நம் வள்ளல்களின் கரம் சிவப்பது நிற்கவில்லை என்பதை நினைக்கும்தோறும் நெஞ்சு விம்முகிறது.

உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எம் பெருமான் பெருமூச்சு விடுவார். மகன் வீதிவிடங்கன் தேரோட்டிப் போனான்; ஒரு கன்று குறுக்கே வந்து செத்தது. அதற்காகப் பெற்றவனே பிள்ளை மேல் தேரை ஏற்றினானாம்! “அவ்வளவு பெரிய அரண்மனைல ஒரு தேர்ப்பாகன் கூடவா இல்ல? ‘நான்தான் ஓட்டினேன், இளவரசர் பின்னால உக்காந்து படிச்சிட்டிருந்தார்’னு சொல்ல வெச்சிருக்கலாமே” என்பார். கன்று தான் குறுக்கே பாய்ந்தது என்று சாட்சி பிடித்திருக்கலாம். தாய்ப்பசுவுக்கு நாலு கட்டுப் புல் கொடுத்துச் சமாதானம் பேசியிருக்கலாம். ராஜதந்திரம் தெரியாத ராஜா.

அந்தக் குறையைப் புனே நகரம் போக்கியது. 2024 மே 19 அதிகாலை, கல்யாணி நகரில், 17 வயதுச் செல்வன் ஒருவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் நிரந்தரப் பதிவுகூட ஆகாத வண்டி அது. கோடிகளில் புரள்பவர்களுக்குச் சில்லறை எண்ண நேரம் ஏது? பழியை ஏற்கச் சொல்லி டிரைவரை அடைத்து வைத்ததாகத் தாத்தா மீது வழக்கு. பிள்ளையின் ரத்த மாதிரிக்குப் பதிலாகத் தன் ரத்தத்தைக் கொடுத்ததாக அன்னை மீது வழக்கு. ரத்தத்தைப் பாலாக்கி ஊட்டுவாள் தாய் என்று சொல்வோர் இனி வேறு உவமை தேடட்டும்.

அன்றே கிடைத்த ஜாமீனில் சிறார் நீதி வாரியம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகள் பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை. பொறாமைக்காரர்கள் கூச்சலிட்டு இரண்டு மூன்று நாளில் அந்த உத்தரவை மாற்ற வைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் எம் வள்ளலுக்கு அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒரே ஒரு விசாரம்தான்: பையன் கட்டுரையில் கொஞ்சம் மட்டம். அண்டை வீட்டுக்காரன், ஏதோ நாலு வரி எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் சேர்ந்து கச்சிதமாக 300 சொல் வந்திருக்கிறது. நாள், இடம், இறந்தவர் பெயர் ஆகிய மூன்றுக்கு மட்டும் கோடிட்ட இடம் விட்டிருக்கிறேன்.