டாரட் அக்கா கலைக்கிறார்

பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்ககம் என்றால் மாடியில் யோகா சொல்லித்தரும் ஒருவர், வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒருவர், தண்ணீர் லாரி வராததற்கு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடும் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். சில வருடங்களாக இந்தப் பட்டியலில் இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார். அவர்தான் டாரட் அக்கா.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மகன் வெளிநாட்டில். கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கொரோனா ஊரடங்கில் ஊரே டல்கோனா காப்பி அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா ஆன்லைனில் டாரட் வகுப்பில் சேர்ந்தார். காப்பி அடித்தவர்கள் கை வலித்து ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். அக்கா இன்னும் சீட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறார்.

எதிர்காலம் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் அவரிடம் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு மணி நேர அமர்வில் எதிர்காலத்துக்கு ஒதுக்கியிருப்பது கடைசிப் பத்து நிமிடம்தான். மீதியெல்லாம் கலைப்பு.

முதலில் பழைய பட்டுப்புடவைத் துண்டில் தைத்த சுருக்குப் பையிலிருந்து கட்டு வெளியே வரும். மொத்தம் 78 சீட்டுகள். பெரிய விஷயங்களுக்கு 22, அன்றாடக் கவலைகளுக்கு 56. சீட்டைச் சுத்தப்படுத்த மேல்நாட்டில் சேஜ் என்ற இலையைப் புகைப்பார்களாம். அக்கா வீட்டில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் சாம்பிராணி பார்த்துக்கொள்கிறது. கட்டின் மேல் ஸ்படிகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கட்டும் ஸ்படிகமும் பால்கனியில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே நிலா குளிக்கும். பிறகு ஆள்காட்டி விரலை மடக்கிக் கட்டின் மேல் மூன்று முறை தட்டுவார். உள்ளே ஏற்கெனவே குடியிருக்கும் கேள்விகள் காலி செய்துவிட்டுப் போவதற்கு.

அடுத்தது கேள்வி. இங்கேதான் வாடிக்கையாளர் முதல் தடவை திணறுவார்.

"அக்கா, ஆஃபர் லெட்டர் வருமா வராதான்னு..."

"அப்படிக் கேக்கக் கூடாது தம்பி. வருமா வராதான்னு கேட்டா கார்டு வாயை மூடிக்கும். 'இந்த வேலை மாற்றத்துல நான் எதைக் கவனிக்கணும்'னு கேளுங்க."

தம்பி நெற்றியைச் சுருக்கி யோசிப்பான். "ஆஃபர் லெட்டர் வருமான்னு கவனிக்கணும்க்கா."

அக்காவுக்குக் கோபம் வராது. "சரி, கண்ணை மூடுங்க. நான் கலைக்கிறேன். நீங்க அதை மட்டும் மனசுல நினைச்சுக்கிட்டே இருங்க. போதும்னு தோணும்போது 'போதும்'னு சொல்லுங்க" என்பார். பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவரிடமே போதும் சொல்லக் கூச்சப்பட்டு இலையை மூழ்கடிக்கிற சனம் நாம். பெரியவர்கள் கலைத்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது என்று தம்பி பேசாமல் இருப்பான். அவன் சொல்லட்டும் என்று அக்கா கலைத்துக்கொண்டே இருப்பார். டாரட் சீட்டு ரம்மிச் சீட்டைவிட நீளம், அகலம், கனம். பத்து நிமிடத்தில் அக்காவின் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பிக்கும்.

"தம்பி, என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"மழை வர்ற மாதிரி இருக்குக்கா. மாடியில துணி காயப்போட்டேன்."

அக்கா கலைப்பதை நிறுத்திவிடுவார். "பாத்தீங்களா, கட்டுல துணி ஏறிடுச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து." மூன்று தட்டு, கொஞ்சம் சாம்பிராணி, புதிதாகக் கலைப்பு.

கலைக்கும்போது கட்டிலிருந்து தானாகத் துள்ளி விழும் சீட்டுக்குத் தனி மரியாதை உண்டு. அது அவசரமாக ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஏழெட்டுச் சீட்டுகள் அவசரச் செய்தியோடு துள்ளின. தலைக்கு மேலே ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்ததைக் கணவர் சுட்டிக்காட்டிய பிறகு, கலைக்கும் நேரத்தில் ஃபேனை அணைத்துவிடுகிறார். அக்னி நட்சத்திரத்திலும் அதே சட்டம்தான். "வேர்க்குதா? நல்லது. உள்ள இருக்கிற நெகட்டிவ் எனர்ஜி வெளிய வருது."

கலைத்து முடிந்ததும் கட்டை மூன்றாக வெட்ட வேண்டும். அதுவும் இடது கையால். மூன்றாவது மாடிப் பாட்டி பேத்தியின் வரன் விஷயமாக வந்தபோது இந்த இடத்தில் பெரிய சிக்கல் வந்துவிட்டது.

"நல்ல காரியத்தைப் பீச்சாங்கையாலயா தொடச் சொல்ற?"

"இடது கைதான் பாட்டி இதயத்துக்குப் பக்கம்."

"வயிறும் அந்தப் பக்கம்தாண்டி இருக்கு. அதுக்காக அந்தக் கையாலயா சாப்பிடறோம்?"

கடைசியில் பாட்டி வலது கையால் இடது முழங்கையைத் தொட்டபடி, தாம்பூலத் தட்டை வாங்கும் தோரணையில், கட்டை வெட்டிக் கொடுத்தார். இந்த முறை எந்த டாரட் புத்தகத்திலும் இல்லை.

அக்காவின் கணவருக்கும் சீட்டுதான் உயிர். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ரம்மி ஆடாவிட்டால் அவருக்குத் திங்கட்கிழமை விடியாது. ஆனால் கலைப்பதில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். "சீட்டைக் கலைக்கிறதே யார் நினைப்பும் அதுல இருக்கக் கூடாதுங்கிறதுக்குத்தான். நீ என்னடான்னா நினைப்பை உள்ள ஏத்தறதுக்குக் கலைக்கிற" என்பார். ரம்மி மேசையில் யாராவது எதையாவது நினைத்துக்கொண்டு கலைத்தால் அதற்குப் பெயர் திருட்டாட்டம். அதையே அக்கா செய்தால் தியானம்.

கணவருக்கு இந்த விஷயத்தில் ஒரு குருநாதர்கூட உண்டு. பெர்சி டயகோனிஸ். பதினான்கு வயதில் வீட்டைவிட்டு ஓடி மாயவித்தைக்காரரோடு ஊர் சுற்றி, பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். அவரும் டேவ் பேயரும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: கட்டை இரண்டாகப் பிரித்து, இரு கட்டை விரல்களாலும் சர்ரென்று உதிர்த்து ஒன்றுக்குள் ஒன்று கோத்தால், 52 சீட்டு நன்றாகக் கலைய ஏழு தடவை போதும். 78 சீட்டுக்கு ஒன்றிரண்டு கூடலாம். ஆனால் அக்கா அந்தப் பக்கமே போக மாட்டார். "ஐயோ, கார்டோட முதுகு ஒடிஞ்சிடும்!" அவருடையது ஒரு கையில் கட்டைப் பிடித்து, இன்னொரு கையால் கொத்துக் கொத்தாக எடுத்து மேலே போடும் நிதானமான பாணி. அப்படிக் கலைத்தால் 52 சீட்டுக்கே பத்தாயிரம் தடவை வாக்கில் ஆகும் என்பது டயகோனிஸின் மதிப்பு. அதாவது நேற்று பக்கத்துப் பக்கத்தில் இருந்த சீட்டுகள் இன்றும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

அக்காவிடம் போனால் போன வாரம் வந்த சீட்டே இந்த வாரமும் வருவதன் ரகசியம் இதுதான். "பாத்தியாம்மா, அதே கார்டு! விடாம உன்னைத் துரத்துது" என்று அக்கா சிலிர்ப்பார். கலைத்தது போதவில்லை என்று கணவர் உள்ளே இருந்து குரல் கொடுப்பார். வந்தவர் அக்காவுடன் சேர்ந்துதான் சிலிர்ப்பார். துரத்தும் விதி மாதிரி அரைகுறைக் கலைப்பு சுவாரசியமாக இருக்காது அல்லவா?

டாரட் எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானம் என்று அக்கா சொல்லும்போது கணவருக்கு மூக்கு வியர்க்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்கள் பொழுது போகாமல் ஆடிய சீட்டாட்டம் அது. பிரான்ஸில் இன்றைக்கும் டாரட்டைக் காசு வைத்தும் வைக்காமலும் ஆடுகிறார்கள். 1781-இல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர்தான் இதை எகிப்தோடு முடிச்சுப் போட்டார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. ஷாம்போலியோன் அதைப் படித்துக் காட்டியது 1822-இல்தான். "ஆக, உன்னோடதும் என் ரம்மிக்கு ஒண்ணுவிட்ட அக்காதான்" என்று கணவர் முடிப்பார்.

அக்கா கையில் வைத்திருக்கும் கட்டின் கதையும் அவருக்குத் தெரியும். 1909-இல் வெயிட் என்பவர் திட்டம் போட, ரைடர் நிறுவனம் லண்டனில் வெளியிட்டது. படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். இவ்வளவு பெரிய வேலைக்கு இவ்வளவு சின்னக் கூலியா என்ற பொருளில் அவர் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "78 சீட்டு வரைஞ்சவங்களுக்கே ஒரு சீட்டும் முன்னாடி சொல்லலையே?" என்பார் கணவர். அக்கா இதைக் காதில் வாங்காமல் சாம்பிராணியை ஏற்றுவார்.

சீட்டைத் திருப்பும் கட்டத்தில்தான் அக்காவின் நல்ல மனசு தெரியும். கறுப்புக் கவசத்தில் எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையேறி வரும் 13-ஆம் சீட்டு விழுந்தால், வந்தவர் முகம் வெளிறுவதற்குள் "சாவு இல்லம்மா, மாற்றம், மாற்றம்" என்று தண்ணீர் டம்ளரை நீட்டுவார். முதுகில் பத்து வாள் குத்திக் குப்புறக் கிடக்கும் ஆள் வந்தால், "இதுக்கு மேல குத்த இடமில்லை பாருங்க, இனி ஏறுமுகம்தான்." அவர் வாயிலிருந்து கெட்ட செய்தி வந்து யாரும் கேட்டதில்லை. கட்டணத்தில் முதல் பாதி சீட்டுக்கு என்றால் மறுபாதி இதற்கு.

இப்படிப்பட்டவரைச் சங்கச் செயலாளருக்குப் பிடிக்காது. 'படித்தவர்கள் வாழும் வளாகத்தில் மூடநம்பிக்கையா?' என்று வாட்ஸ்அப் குழுவில் பகுத்தறிவுச் செய்திகளாக அனுப்பித் தள்ளுவார். ஆனால் கூரை போட்ட கார் நிறுத்துமிடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதென்று பொதுக்குழு முடிவு செய்த நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. இடம் பதினெட்டு, கேட்பவர்கள் முப்பது பேர். எண் எழுதிய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் குடத்தில் போட்டு, "யாராவது வந்து குலுக்குங்க" என்றார் செயலாளர். கலைப்பது என்றாலே கை பரபரக்கும் அக்கா எழுந்தார்.

"மேடம்... நீங்க வேண்டாமே."

"ஏன் சார்?"

"இல்ல, நீங்க எதையாவது நினைச்சுக்கிட்டுக் குலுக்கிட்டீங்கன்னா?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. அக்காவின் கணவர்தான் சமாதானத்துக்கு வந்தார். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே உத்திரமேரூர்க் கல்வெட்டில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது, பராந்தக சோழன் காலம் என்றார். குடத்தில் ஓலைகளைப் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர்கூட ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். அவ்வளவு ஜாக்கிரதை. சபை ஒப்புக்கொண்டது. ஒரு யூகேஜி பையன் குடத்துக்குள் கையை விட்டான். செயலாளர் ஐந்து விரலையும் விரித்து வாங்கினார்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும், எல்லோரும் கண் வைத்திருந்த முதல் இடம் அக்கா வீட்டுக்கு விழுந்தது.

"முப்பது வீட்ல யாராவது ஒருத்தருக்கு விழுந்துதானே சார் ஆகணும்?" என்று கணவர் நிகழ்தகவை விளக்கத் தொடங்கினார். அவர் விளக்க விளக்க, கூட்டத்துக்கு அக்கா மேல் இருந்த நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. குடத்தைத் தொடாமலே இப்படி என்றால், தொட்டிருந்தால்? அந்த வாரம் அக்காவுக்கு ஒரு மணி நேரம்கூடக் காலியில்லை. முதல் ஆளாகப் பதிவு செய்திருந்தவர் செயலாளர். செருப்பைக் கதவுக்கு வெளியே யார் கண்ணிலும் படாமல் விடலாமா, உள்ளே கொண்டு வந்துவிடலாமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.