பழைய நம்பரா, புது நம்பரா?

இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகளிடம், “ஒரு மெஷினின் ஐ.பி. அட்ரஸை எப்படிப்பா கண்டுபிடிப்பே?” என்று கேட்டு விழிக்க வைத்தவன் நான். அந்தப் பாவம் சும்மா விடவில்லை.

எங்கள் சி.ஐ. மெஷினில் வெப் சர்வர் நேரடியாக ஓடும். டாக்கர் கண்டெய்னருக்குள் இருக்கும் குரோம் அதைத் திறந்து டெஸ்ட் பண்ண வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில், கண்டெய்னர் எதுவும் இல்லாத என் லேப்டாப்பில், லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டாலே எல்லாம் பச்சை. சி.ஐ.யில் சிவப்பு. கண்டெய்னருக்குள் இருக்கும் குரோமுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னர்தான் என்பது எனக்கு உறைப்பதற்குள் விடிந்துவிட்டது.

சரி, மெஷினையே கேட்போம் என்று ‘ஹோஸ்ட்நேம்’ கட்டளையைச் சின்ன ‘ஐ’ போட்டு அடித்தேன். 127.0.1.1 என்றது. வழக்கமான 127.0.0.1 இல்லையே, அப்போது இதுதான் அசல் என்று குரூப்பில் பெருமையாகப் போட்டும்விட்டேன். 127-இல் தொடங்கும் 1 கோடியே 67 லட்சம் அட்ரஸும் மெஷின் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ள ஒதுக்கியவை. டெபியனும் உபுண்டுவும் அதில் ஒன்றை மெஷினின் பெயருக்கு எழுதிவைப்பது வழக்கம். ஜூனியர் பெண் ஒருத்தி சிரிப்பு பொம்மை மட்டும் அனுப்பினாள்.

பெரிய ‘ஐ’ போட்டால் பட்டியலே வந்தது: 10-இல் தொடங்கும் ஒன்று, டாக்கரின் 172.17.0.1, இன்னும் சில. வரிசையை நம்பாதே என்று அதன் கையேடே சொல்கிறது. கையேட்டை யார் படித்தார்கள்? முதலில் இருந்ததை எடுத்தேன். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. அடுத்ததும் அதுவே. அந்த நேரம் பார்த்து டெலிவரி பையன் போன்: “சார், பழைய நம்பரா, புது நம்பரா? பைகிராப்ட்ஸ் ரோடுன்னு போட்டிருக்கு, மேப்ல பாரதி சாலைன்னு காட்டுது.” மேன்ஷன் பெயரைச் சொன்னேன், வந்துவிட்டான். அதிலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசியில் பார்த்தால் அட்ரஸில் குற்றமே இல்லை. சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. 0.0.0.0 என்று மாற்றினேன், பச்சை! அந்த 10-இல் தொடங்கும் அட்ரஸை அப்படியே கான்ஃபிக்கில் எழுதிப் பூட்டினேன்.

உச்சகட்டம் இனிமேல்தான். என் பில்டு பிறகு வேறு மெஷினுக்குப் போனது. குரோம் மட்டும் விசுவாசமாகப் பழைய அட்ரஸுக்கே போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த சக ஊழியரின் சர்வரை டெஸ்ட் பண்ணி, எனக்குப் பச்சை காட்டியது. லாகின் பக்கமே திறக்காத என் கோடு அமோகமாகப் பாஸ்.

இப்போது சர்வரும் கண்டெய்னரில்தான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டாக்கர் நெட்வொர்க் உருவாக்கி, ‘வெப்’ என்ற பெயரில் கூப்பிடுகிறோம். டாக்கர் தானாகத் தரும் ‘பிரிட்ஜ்’ நெட்வொர்க்கில் பெயர் எடுபடாது. நாமே உருவாக்கியதில்தான் எடுபடும்.

நீங்களும் இதில் மாட்டினால், ‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் சர்வர் எந்த அட்ரஸில், எந்தப் போர்ட்டில் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். ‘டைம் அவுட்’ என்றால் அட்ரஸையும் ஃபயர்வாலையும் சந்தேகப்படுங்கள். பச்சை வந்தால், யாருடைய சர்வர் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.