சிவப்புக் காலிபரின் நிறுத்தாற்றல்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழாய்வு உலகம் தொடாத பொருளே இல்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டி, அடுக்ககத்தின் கார் பார்க்கிங்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் காரின் பிரேக் காலிபருக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கும் குடும்பத் தலைவரைப் பற்றி நாமறிந்தவரை ஓர் ஆய்வேடும் வரவில்லை. பல்கலைக்கழகங்களின் இந்தப் பாராமுகத்தை ஈடுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருள் விளக்கம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க். அதன் விளிம்பை இருபுறமும் கவ்வியபடி, கூடவே சுழலாமல் உட்கார்ந்திருப்பது காலிபர். பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், பேட் தட்டை இறுக்கிப் பிடிக்கும், கார் நிற்கும். இந்த வரிசையில் எந்த இடத்திலும் பெயின்டுக்கு வேலை இல்லை. ஆகவேதான் அது ஆய்வுக்குரிய பொருளாகிறது.

2. வரலாறு

டிஸ்க் பிரேக்குக்கு 1902-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கார் செய்துவந்த ஃபிரெடெரிக் லான்செஸ்டர். பெயின்டைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. செம்புப் பட்டைகள் தட்டில் உரசிப் போட்ட கூச்சலைச் சமாளிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

1955-இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். முன்பக்க டிஸ்க் பிரேக்கைப் பெருந்தொகை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த டிஸ்க் சக்கரத்துக்குள் இல்லை. கியர் பாக்ஸை ஒட்டி, பானெட்டுக்குள் ஒளிந்திருந்தது. அதற்குப் பெயின்ட் அடித்தவன் எவனாவது இருந்தால், அவன் கடவுளுக்கு மட்டும் காட்ட அடித்தவன்.

அலாய் வீல் வந்து சக்கரத்தில் ஜன்னல் திறந்த பிறகே காலிபருக்கு மானப் பிரச்சினை தொடங்கியது. 1961-இல் இத்தாலியின் பெர்காமோ பகுதியில் தொடங்கப்பட்ட ப்ரெம்போ நிறுவனத்தின் சிவப்புக் காலிபர்கள், விலையுயர்ந்த கார்களின் சக்கர இடுக்கு வழியே உலகத்தை எட்டிப் பார்த்தன. பார்த்தவர் மனத்தில் ஆசை முளைத்தது. காலிபர் நமக்கு அயல்சரக்கு அன்று என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சென்னைப் பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா 1962-இலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆசை மட்டுமே இறக்குமதி.

3. மூன்று கட்சிகள்

காலிபருக்கு ஏன் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதில் மூன்று கட்சிகள் உள்ளன.

முதலாவது, துருக் கட்சி. வார்ப்பிரும்பில் செய்த காலிபர் கடற்காற்றில் சீக்கிரம் செம்பழுப்பாகும். அதைத் தடுக்கவே பெயின்ட் என்பது இவர்கள் வாதம். மனைவியிடம் செலவுக்கணக்குச் சொல்லும்போது எல்லாரும் இக்கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். துருவைத் தடுப்பதே நோக்கமென்றால் கறுப்போ சாம்பலோ போதுமே, சிவப்பு எதற்கு என்னும் வினாவுக்கு இவர்களிடம் விடை இல்லை.

இரண்டாவது, வேகக் கட்சி. பெரும்பாலும் இளைஞர்கள். ஒரே பிஸ்டன் உள்ள சாதாரணக் காலிபருக்குச் சிவப்படித்து, அதன்மேல் பந்தயக் கார் நிறுவனத்தின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி, சென்னையின் கார் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டிலிருந்து வீடு திரும்புவோர். காருக்குள் குதிரைத்திறன் கூடிவிட்டதாக இவர்கள் உணர்கிறார்கள். நிறுத்துவதற்கான கருவியை அலங்கரித்தால் வேகம் ஏன் கூட வேண்டும் என்று கேட்டால், “அது உங்களுக்குப் புரியாது ப்ரோ” என்பது இக்கட்சியின் சித்தாந்தம்.

மூன்றாவது கட்சியாரே நம் ஆய்வின் மையம். இவர்கள் காரில் அலாய் வீலே இல்லை. இரும்புச் சக்கரம், அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கப். காலிபர் வெளியே தெரியவே தெரியாது. இருந்தும் அடிக்கிறார்கள். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்யும் இவர்களை நிஷ்காம கர்மிகள் என்றே வகைப்படுத்த வேண்டியிருக்கிறது.

நம்மூர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு மட்டுமே டிஸ்க், பின்சக்கரத்துக்கு டிரம். இங்கே மூன்று கட்சிக்கும் ஒரே சங்கடம். முன்னால் சிவப்பு, பின்னால் துருவா? எனவே டிரம்மும் சிவப்பாகிறது. காலிபர் இல்லாத இடத்திலும் காலிபர் பெயின்ட் செல்லும் என்பது இதனால் நிறுவப்படுகிறது.

4. நிற இலக்கணம்

காலிபருக்கு நிறம் கொடுப்பதில் தெளிவான இலக்கணம் வகுத்தது ஜெர்மனியின் போர்ஷே. வேகம் கூடிய மாடல்களுக்குச் சிவப்பு. பீங்கான் கலந்த டிஸ்க் போட்ட கார்களுக்கு மஞ்சள். இது 2001-இல் வந்த 911 ஜி.டி. 2 முதல். மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்டுகளுக்கு எலுமிச்சைப் பச்சை. டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்குக்கு வெள்ளை. 2017-இல் கயென் காரில் வந்தது. அந்தப் பூச்சால் பிரேக் தூசி குறையும். தூசி குறைவதால்தான் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அதாவது, அங்கே நிறம் என்பது ஒரு சான்றிதழ்.

நம்மூரில் இந்த இலக்கணம் செல்லாது. மஞ்சள் காலிபரைக் கண்ட பெரியவர், பூஜை போட்ட கார் என்று மகிழ்கிறார். சிவப்பைக் கண்டால் குங்குமம். பச்சை அடித்தால் பேட்டரி காரா என்கிறார்கள். மின்சாரக் காருக்குப் பச்சை நம்பர் பிளேட் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சாதாரண டிஸ்கை வைத்துக்கொண்டு வெள்ளை அடித்தவருக்குப் பிரேக் தூசியே விடை சொல்லும். அடுத்த வாரம் அது எந்த நிறம் என்று அவராலேயே சொல்ல முடியாது.

இந்த மரபுக்கு வெளிநாட்டில் வேர் தேடுவது வீண் என்பது இக்கட்டுரையின் துணிபு. என்னையெனின், மாட்டுப் பொங்கலன்று கொம்பைச் சீவி, சிவப்பும் நீலமும் அடித்து, சில ஊர்களில் கட்சிக் கொடியின் நிறத்தையே ஏற்றிவிடும் நாட்டில், உழவுக்கும் கொம்பின் நிறத்துக்கும் தொடர்பு உண்டா என்று எவரும் கேட்டதில்லை. கொம்பு உள்ள இடத்தில் கொம்புக்கு. கொம்பில்லாத காரில் காலிபருக்கு.

5. செய்முறை

சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும். எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் கையை விட்டவர்களின் கருத்தைத் திரட்டுவதில் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு.

சக்கரத்தைக் கழற்றியபின் கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். தூசியை வாயால் ஊதக் கூடாது. பிரேக் தூசி நுரையீரலுக்கானதல்ல. பிறகு மாஸ்கிங் டேப். பெயின்ட் படவே கூடாத இடங்கள்: டிஸ்க், பேட், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர், ஏர் எடுக்கும் நிப்பிள், ஆயில் ஹோஸ், காலிபர் வழுக்கி நகரும் கைடு பின். கடைசியாகச் சொன்னதில் பெயின்ட் ஏறினால் காலிபர் நகராது, ஒரு பேட் மட்டும் தேயும், பிரேக் பிடித்த பிடியை விடாது, சக்கரம் கொதிக்கும். பேடில் பட்டால் அந்தப் பேடை மாற்றுவதே நல்லது. காலிபரைக் கழற்றியே தீருவேன் என்பவர் அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே ஏறி பிரேக் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

வீட்டு கேட்டுக்கு அடித்த மிச்ச எனாமல் இந்தச் சூட்டைத் தாங்காது, கொப்பளித்து உரியும். சூடு தாங்கும் பெயின்டை மெல்லிதாக, ஒன்று காய்ந்தபின் அடுத்ததாக, இரண்டு மூன்று கை பூசுவதே முறை. பிரேக் ஆயில் சிந்தினால் பெரும்பாலான பெயின்டுகளை அரித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பார்க்க வேண்டும்.

6. பார்வையாளர் வகைமை

பெயின்ட் அடிப்பவர் தனியே இருப்பதில்லை. வாட்ச்மேன் வருவார்: “என்ன சார், பிரேக் புடிக்கலையா?” ஓய்வுபெற்றவர் நிற்பார்: “ஏன் தம்பி இந்த வெயில்ல? சர்வீஸ்ல விட்டா அவனே பாத்துக்குவானே.” சிறுவன் கேட்பான்: “அங்கிள், இனிமே எவ்ளோ ஸ்பீடு போகும்?” மாடியிலிருந்து மனைவியின் குரல் வரும்: “கேட்டுக்குப் பெயின்ட் அடிங்கன்னு பொங்கல்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்.” இந்நான்கனுள் விடையளிக்கவே இயலாதது நான்காவது என்க.

சட்டம் மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாகக் காரை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் காரின் நிறம் உண்டு. காலிபரின் நிறம் இல்லை.

7. அளவீடு

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2 லட்சத்து 47 ஆயிரம் ஜூல். நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக மாறுகிறது. 800 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க அவ்வளவு ஆற்றல் போதும். மாடு குறுக்கே வந்ததைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே கார் 22 மீட்டர் போயிருக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எடுத்துக்கொள்வோம். அதே கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற்ற வேண்டியது சுமார் 98 லட்சம் ஜூல், 80 கி.மீ. வேகத்திலிருந்து 40 முறை நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பிரேக் ஆயிலே கொதிக்கக் கூடும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையும் தாங்க வேண்டும் என்பது தர வரையறை. ஈரம் குடித்தபின் அவற்றுக்கான வரம்பு 140, 155 தான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை தொடும். அந்த வளைவில் காலிபர் என்ன நிறம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவிலும் பெயின்டின் பங்கு பூஜ்யம். தசமப் புள்ளிக்குப் பின்னும் பூஜ்யமே.

8. முடிபு

ஆயினும் ஆய்வில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. கார் வாங்கியவர் கண்ணாடியைத் துடைக்கிறார், பாட்டுக் கேட்கிறார், எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறார். தன்னை நிறுத்தும் பாகத்தை மட்டும் ஒருநாளும் பார்ப்பதில்லை. பெயின்ட் அடிக்க உட்கார்ந்தவரோ தேய்ந்த பேடையும், கிழிந்த ரப்பரையும், வெடித்த ஹோஸையும் கண்ணால் கண்டுவிடுகிறார். காருக்குக் கிடைக்கும் ஒரே நன்மை அது. அதற்குக் காரணம் பெயின்டன்று, கழற்றிய சக்கரம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்ட் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, சக்கரத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். முடியாதவர்கள் மெக்கானிக்கைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். பேடின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். மலையிறங்கும்போது கியரைக் குறையுங்கள். இவ்வளவும் செய்தபின் காலிபருக்கு எந்த நிறம் அடித்தாலும் இந்த ஆய்வாளருக்கு ஆட்சேபம் இல்லை.