ராஜா காசில் ஒரு புரட்சி

1767இல் பாரிஸ் பிரபு ஒருவருக்கு விபரீத ஆசை வந்தது. ஆசைநாயகி ஊஞ்சல் ஆட வேண்டும். பின்னால் நின்று ஆட்டிவிட ஒரு பிஷப் வேண்டும். தான் மட்டும் கீழே, அவள் கால் நன்றாகத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். இதைப் படமாக்கித் தரச் சொல்லி அவர் போனது துவாயேன் என்ற ஓவியரிடம். அவரோ அப்போதுதான் ஒரு புனிதவதியை வரைந்து பேர் வாங்கியிருந்தார். ஆடிப்போய்விட்டார். ஆனாலும் தொழில் புத்தி விடுமா? அம்மணியின் செருப்பு பறக்கிற மாதிரி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு யோசனையையும் இனாமாகக் கொடுத்து, ஆளை ஃப்ரகோனார் என்ற இன்னொரு ஓவியர் பக்கம் தள்ளிவிட்டார்.

ஃப்ரகோனாருக்கு இப்படிப்பட்ட சங்கடமெல்லாம் கிடையாது. பிஷப்பை மட்டும் கழித்துவிட்டு, ஒரு கிழவரை நிழலில் நிறுத்தினார். செருப்பு பறந்தது. ரொக்கோகோ ஓவியப் பாணி என்றால் இதுதான்: ரோஜா நிறம், பட்டுப் பாவாடை, வேலை வெட்டி இல்லாத மனிதர்கள்.

இதற்கு முதலில் வேட்டு வைத்தது ஏதோ புரட்சிக்காரன் என்று நினைத்தால் தப்பு. வைத்தவர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் துபாரி. தன் புது மாளிகைக்கு ஃப்ரகோனாரிடம் காதல் படங்கள் கேட்டார். பெரிய படங்கள் நான்கு வந்தன. பார்த்தார், திருப்பி அனுப்பினார். பொம்பெயியைத் தோண்டியதிலிருந்து ஐரோப்பாவுக்குப் பழைய ரோமாபுரிப் பித்து பிடித்திருந்தது; அம்மணிக்கும் அதுதான் வேண்டும். அந்தச் சுவருக்கு அந்தப் பாணியில் படம் வரைய வியன் என்ற ஓவியர் வந்தார்.

வியனின் சீடர் ஜாக் லூயி டேவிட். அவரை வியனிடம் சேர்த்துவிட்டதே தூரத்துச் சொந்தக்காரரான பூஷேதான். ரொக்கோகோவின் பெரிய தலை! வினை விதைக்கிறோம் என்று பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? டேவிட் சிரிக்கவே தெரியாத மனிதர். 1785இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த 'ஹொராஷியர்களின் சபதம்' படத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் நாட்டுக்காகக் கையை நீட்டி விறைத்து நிற்கிறார்கள். பெண்கள் ஓரமாக அழுகிறார்கள். நாட்டுக்கு முன் குடும்பமாவது, பாசமாவது என்கிற இந்தப் படத்துக்குப் பணம் தந்தது பதினாறாம் லூயியின் அரச கஜானா. சொன்ன அளவைவிடப் பெரிதாகவே வரைந்து கொடுத்தார் டேவிட். பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793 ஜனவரியில், சபை உறுப்பினராக, அதே அரசனின் தலையை வெட்ட ஓட்டும் போட்டார். துபாரியின் தலை டிசம்பரில் போயிற்று. ஊஞ்சல் போட்ட ஃப்ரகோனார் மட்டும் தப்பினார். லூவ்ரில் அவருக்கு வேலை பிடித்துக் கொடுத்ததே டேவிட்தான்.

புரட்சித் தலைவர் ரோபஸ்பியருடன் சேர்ந்து, சாக்ரடீஸ் மாதிரி நஞ்சு குடிப்பேன் என்று டேவிட் ஜாக்கபின் மன்றத்தில் முழங்கினார். மறுநாள் ரோபஸ்பியர் கைதானபோது ஆளைக் காணோம், வயிறு சரியில்லையாம். சிறைக்குப் போய் வந்த பிறகு கிடைத்த வாடிக்கையாளர் நெப்போலியன். அவர் ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதையில். டேவிட் துள்ளும் குதிரையில் ஏற்றிவிட்டார். வந்து உட்காரவும் நெப்போலியன் மறுத்துவிட்டதால், டேவிட் தன் பிள்ளையை ஏணி உச்சியில் உட்கார வைத்து வரைந்தார்.